நடுச்சுவர்

ஆண்டுக்கு இருமுறை இந்த ஊருக்கு வருகிறேன்,
ஆர்கனுக்குச் சுருதி சேர்க்க.
ரைன் ஆற்றிலிருந்து அரைமணிப் பயணம், வழியெல்லாம் திராட்சைச் சரிவு.
ஒரே கோபுரம், ஒரே கூரை,
உள்ளே குறுக்காக ஒரு சுவர்.
பீடமிருக்கும் பாதி கத்தோலிக்கருக்கு.
பிரசங்க மேடையிருக்கும் பாதி சீர்திருத்த சபைக்கு.
முந்நூறு வருடத்துக்கு முன் பிரபுக்கள் போட்ட ஒப்பந்தம்.
சுவரில் ஒரு கதவு, கதவில் இரண்டு பூட்டு.
ஒரு சாவி ஓர்ட்வினிடம், மற்றது இர்ம்ட்ராடிடம்.

பெரிய ஆர்கன் அந்தப் பக்கம், சின்னது இந்தப் பக்கம்.
நீளமான ஏணி மட்டும் ஒன்றுதான்.
ஆகவே நான் வரும் நாளில்
கதவு திறந்தாக வேண்டும்,
இருவரும் பேசியாக வேண்டும்.

குழாய்களுக்குள் தலையை விட்டபடி
பதினேழு வருடமாகக் கேட்கிறேன்.

"கடவுளிடம் நேரே சொல்லாமல்
பெட்டிக்குள் மண்டியிட்டு ஒரு மனுஷனிடம் எதற்கு?"
"நேரே சொல்லிப் பார்த்தேன் ஓர்ட்வின்.
நேரே சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுகிறேன்."

"செத்தவர்கள் கணக்கு முடிந்தது. அதற்கப்புறம் பூசை ஏன்?"
"உன் பேரேட்டில் முடிந்திருக்கும்.
என் வீட்டில் அவர் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது."

"வேதத்தில் எந்த வசனம்? காட்டு."
"அந்த வேதத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
கண் கெட்டுப்போக எழுதியெழுதிக் காத்தவர்கள் யார்?"
"எழுதினார்கள். எங்களைப் படிக்க விட்டார்களா?"
அந்தச் சுற்று அவனுக்கு.
அவள் ஏணிக்காலைத் துடைக்கத் தொடங்கினாள்,
துடைக்க அதில் எதுவும் இல்லை.

ஒரே ஜெபம்தான், அவனுக்கு 'எங்கள்' முதலில் வரும்,
அவளுக்குத் 'தந்தை' முதலில்.
அதற்கும் ஒரு மதியம் முழுக்கச் சண்டை.
எனக்கு எந்தப் பாதியும் இல்லை. கூலி மட்டும் பாதி பாதி.

பிறகு அந்த இலையுதிர்காலம்.
செய்தித்தாளில் குருவானவர் லுட்கரின் பெயர்,
செத்துப் பதினோரு வருடம் கழித்து.
இங்கிருந்து மாற்றினார்கள், அங்கிருந்தும் மாற்றினார்கள்.
பையன்களுக்குப் பெயரில்லை, எழுத்துகள்தான்.
ஏணி எடுக்க வந்த ஓர்ட்வினின் வாயில்
பதினேழு வருடத்தின் மிகச் சரியான வாக்கியம் இருந்தது.
அவன் திறக்குமுன் அவள் சொன்னாள்:

"அவர் அங்கியை நான்தான் துவைத்தேன், நாலு வருடம்.
ஏன் இவ்வளவு அவசரமாக மாற்றுகிறார்கள் என்று
ஒருதரம் நினைத்தேன்.
இஸ்திரி சூடாக இருந்தது. தேய்த்து முடித்தேன்.
ம், சொல்லு. நீதான் சொல்வாயே."

அவன் சொல்லவில்லை.
"எங்கள் பக்கப் பட்டியல் இன்னும் அச்சாகவில்லை" என்றான்
தரையைப் பார்த்து.
வெகுநேரம் கழித்து,
எதிராளியைப் போலில்லாமல், தெரியாதவன் கேட்பது போல:
"அப்புறமும் அங்கே முழங்கால் போட உன்னால் எப்படி முடிகிறது?"

அவள் சிவப்பு விளக்கைக் காட்டினாள்.
"அவர் உள்ளே இருக்கிறார் என்று நம்புகிறேன்.
இவர்கள் செய்ததற்கு
அவரைத் தனியே விட்டுவர மனம் வரவில்லை."

அவன் கணக்கில் அது ஒரு பெட்டி, கொஞ்சம் அப்பம்.
ஆனாலும் தொப்பியைக் கழற்றினான்.
வழுக்கைத் தலை, நவம்பர் குளிர்,
மூன்று நாள் ஜலதோஷம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்த வசந்தத்திலும் போனேன்.
உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா இல்லையா என்று
ஏணியின் இரு முனையிலும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.
'குரு' என்ற சொல் வரும்போது மட்டும்
அவன் குரல் தாழ்கிறது.
அந்த இடத்தில் இப்போது
உயர்வது அவள் குரல்.

வழக்கம்போல் இரண்டு ரசீது எழுதினேன்.