மூக்கின் அளவு

மூன்று வாரம் ஒரே பொத்தானோடு குடித்தனம்.
பேருந்து எப்போது வரும் என்று சொல்லும் செயலியில்
பயிற்சிக்கு வந்த எனக்கு ஒதுக்கியது அது மட்டும்தான்.
முதல் வாரம், அமுக்கினால் செயலியே செத்தது.
இரண்டாம் வாரம் முழுக்க ஓர் அரைப்புள்ளியைத் தேடினேன்.
மூன்றாம் வாரம்
நீல நிறம், வளைந்த ஓரம், மெல்லிய நிழல்.
அலுவலகக் கதகதப்பில் நூறு முறை அமுக்கினேன்,
நூறு முறையும் சொன்னபடி கேட்டது.

"வெளியே போய்ப் பார், சோல்மோன்" என்றார் பத்பயர்,
தலை நிமிராமல்.

உலான் பத்தூர். ஜனவரி. காலை எட்டு.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
நிறுத்தத்தில் நிலக்கரிப் புகையும் பதினோரு பேரும்.
கையுறையைக் கழற்றினேன்;
நான்காம் நொடி விரல் என்னுடையதாக இல்லை.
பக்கத்தில் நின்றவளிடம் கைபேசியை நீட்டி
"இதை அமுக்குங்களேன்" என்றேன்.
இரு கையிலும் பை அவளுக்கு.
சட்டென்று குனிந்து
மூக்கால் அமுக்கினாள்.

என் பொத்தானோடு பக்கத்துப் பொத்தானும் அமுங்கி
வழித்தடமே அழிந்தது.
"எலி மூக்குக்கா செய்தாய்?"
பதில் தேடுவதற்குள் கைபேசி குளிரில் அணைந்தது,
பேருந்து வந்தது,
என்னைத் தவிர எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்.

நிழலை எடுத்தேன். வளைவை எடுத்தேன்.
பாதித் திரைக்குப் பொத்தான்.
ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்பார்களே,
நிரலில் குறிப்பு எழுதினேன்: மூக்கு.

பத்பயர் இருமுறை படித்தார்.
குனிந்து சோதித்தார்.
கண்ணாடியில் படிந்த எண்ணெய் வட்டத்தைத் துடைக்காமலே
அடுத்த வேலையைச் சொன்னார்:
எழுத்தின் அளவு,
மூக்குக்கண்ணாடியில் பனி படிந்தவர்களுக்கு.