555 புத்தகம்

பெட்ரோல், டோல், கார் தவணை
மூன்றும் ஒரே பக்கத்தில்.
மளிகைக் கடனை எழுத வாங்கிய
உள்ளங்கை அகலப் புத்தகம்,
அட்டையில் 555.
அரிசி, மைலோ, கோழி என்றுதான் தொடங்கினேன்.
எட்டாம் பக்கத்தில் பந்து உள்ளே வந்துவிட்டது.

மாசக் கட்டணம் நூற்றெண்பது.
ஜெர்சி, உள்ளூருக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று.
லீக் பதிவு. இன்சூரன்ஸ்.
ஆட்டத்தை மேலிருந்து படம் பிடிக்கும்
ட்ரோன்காரருக்கு ஒரு பங்கு.
கீப்பர் என்பதால் புதன்கிழமை தனிப் பயிற்சி,
தொண்ணூறு கூட.
கீப்பருக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன்.
கோச் ஹாஃபிஸ் நல்ல மனிதர்தான்.
"அது ஸ்பெஷல் பொசிஷன், காக்" என்றார்.

தோட்டத் திடலில் காசு கிடையாது.
பாதியை வீடமைப்புக்காரன் தகரத்தால் அடைத்துவிட்டான்,
மீதியில் யாரோ மாடு கட்டுகிறார்கள்.
ஆனால் அங்கே லோஷினி ஒருத்திதான் பெண்.
ஓட விடாமல் பையன்கள்
எப்போதும் இவளைக் கோலில் நிறுத்தினார்கள்.
அப்படித்தான் கீப்பரானாள்.
வட்டாரப் போட்டியில் இவள் பாய்ந்து விழுந்ததைப் பார்த்து
கோச் ஒரு கார்டு நீட்டினார்.
திறமை இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால்
அப்புறம் அது நம் செலவு.

நான் கையுறை ஆலையில், இரவு ஷிப்ட்.
பீங்கான் கைகள் வரிசையாக வரும்
விரல் விரித்து,
ரப்பர் பாலில் முங்கி எழுந்து, சூட்டில் காய்ந்து.
நாங்கள் அடுக்குவோம்.
பெட்டிக்கு நூறு.
மகளின் கையுறை ஒரு ஜோடி
இருநூற்றறுபது வெள்ளி.
நான்கு மாதத்தில் உள்ளங்கை கிழிகிறது.
ஆலையில் இதைச் சொன்னேன்.
கோகிலவாணி சிரித்தாள், நானும் சிரித்தேன்,
சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்கும்வரை.

ஜனவரிக் கட்டணத்துக்கு அவளிடம் கெஞ்சி
கூட்டில் என் முறையை முன்னால் மாற்றிக்கொண்டேன்.
பதிலுக்கு அவளுடைய இரண்டு ஞாயிறு ஷிப்ட் எனக்கு.
இனி மாற்ற முறை இல்லை.

போன சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் வந்தது:
ஜோகூர் போட்டி. பஸ், ஹோட்டல், சாப்பாடு,
ஆயிரத்து நூற்றைம்பது. வெள்ளிக்குள்.
அரை மணியில் பதினான்கு பச்சை டிக்.
அவர் லோரியில் கிள்ளான் துறைமுகம் போயிருந்தார்.
பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஷா ஆலாமுக்கு
நான்தான் ஓட்டினேன், தூங்காத கண்ணோடு.
இரு பக்கமும் செம்பனை.
பாதி வழியில் இவள் சொன்னாள்:
"மா, நான் டிஃபென்டரா ஆடட்டா?
க்ளவுஸ் வேணாம். புதன்கிழமையும் மிச்சம்."
ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்
கொட்டாவி விடுவதுபோல.
நான் ரேடியோவைக் கூட்டினேன்.

அன்று மூன்று பந்தைப் பிடித்தாள், ஒன்றை விட்டாள்.
விட்டதற்கு ஆல்ஃபார்டில் வந்த அப்பா ஒருவர்
கையில் காப்பியோடு அங்கலாய்த்தார்.
கையுறைத் தையலில் இவள்
வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை
அவர் பார்த்திருக்க முடியாது.
நானே அன்றுதான் பார்த்தேன்.

இரவு புத்தகத்தைத் திறந்தால்
பக்க ஓரத்தில் பென்சில் எண்கள்,
சின்னச் சின்னதாக, இவள் கையெழுத்து.
யாருக்கும் தெரியாமல் கூட்டிப் பார்த்திருக்கிறாள்.
கூட்டல் சரி.
நான் எழுத மறந்த ஒரு டோலையும்
சேர்த்திருக்கிறாள்.

இப்போது மணி மூன்று, ஆலையில்.
கைகள் வந்துகொண்டே இருக்கின்றன.
இந்தக் கையுறைக்கு இடம் வலம் கிடையாது,
எந்தக் கைக்கும் சேரும்,
அதனால்தான் மலிவு.
லோஷினிக்கு இடது கைதான் நீளம்.
மேல் மூலைக்குப் போகும் பந்தை
அந்தக் கையால்தான் தட்டுவாள்.

இன்று வியாழன்.
போன் லாக்கரில் இருக்கிறது.
பதினைந்தாவது டிக் இன்னும் போடவில்லை.