பதினோரு நாள்

ஒரே காலையில்தான் சேர்ந்தோம்,
ஒரே பேனாவில் கையெழுத்து.
கம்பெனிக்கு வரிசை வேண்டும்,
பிறந்த தேதியைப் பார்த்தார்கள்.
ஹெப்சிபா நானூற்றுப் பதினொன்று.
நான் நானூற்றுப் பன்னிரண்டு.
அவள் அம்மாவுக்கு மழைக்கு முன்னால் வலி எடுத்தது,
என் அம்மாவுக்கு மழை பிடித்த பிறகு.
அவ்வளவுதான் சீனியாரிட்டி.

ஏழு வருஷம்
அவள் எழுந்த நாற்காலியின் சூட்டிலேயே உட்கார்ந்தேன்.
கிறிஸ்துமஸ் லீவு அவளுக்கு. சரி, நியாயம்.
பொங்கலும் அவளுக்கே.
'சர்க்கரைப் பொங்கல் யாருக்குடி பிடிக்காது' என்றாள்.

மாதாமாதம் இருபத்திரண்டாம் தேதி
மாலை ஆறுக்கு பிட் திறக்கும்.
பழவந்தாங்கல் மொட்டைமாடியில்
ஈரத்துணிகளுக்கு நடுவே
சிக்னல் கிடைக்கும் அந்த ஒரு மூலையில் நின்று
சிங்கப்பூர் என்று முதலில் எழுதுவேன்.
சென்னை பேஸுக்கு மொத்தமே இரண்டு சிங்கப்பூர்.
மேலே இருக்கும் முப்பத்தேழு பேரும்
ஒரே நாளில் அசந்து தூங்கினால் எனக்கு.

ஆடியில் சுற்றறிக்கை வந்தது.
இரண்டும் இனி மும்பைக்கு.
அங்கே எண்ணூற்று முப்பதாம் ஆள்,
மீசை சரியாக முளைக்காத பையன்,
சாங்கி பக்கத்து ஹோட்டலில்
இரண்டு தலையணை வைத்துத் தூங்குகிறான்.
எங்களுக்கு மதுரை, விசாகப்பட்டினம்,
நடுராத்திரிக் கொல்கத்தா,
சீருடையோடு வீட்டில் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை.
இத்தனைக்கும் அந்த விமானம்
எங்கள் தலைக்கு மேலேதான் போகிறது,
இறங்காமல்.

ஹெப்சி சொல்லவில்லை.
ஒருநாள் பட்டியலைத் திறந்தால்
சென்னையில் நான் முப்பத்தெட்டு இல்லை,
முப்பத்தேழு.
யார் போனது என்று கேட்பதற்கு முன்பே
சந்தோஷம் வந்துவிட்டது.
அதை என்ன செய்ய.

போகும்போது ஸ்கூட்டரை என்னிடம் விட்டுப்போனாள்.
பின் பிரேக் பிடிக்காது என்பதையும் சொல்லவில்லை.
அந்தப் பொங்கலுக்கு எனக்கு லீவு கிடைத்தது.
குக்கரில் வைத்தேன். அடிப்பிடித்தது.

நேற்று கொல்கத்தாவிலிருந்து திரும்புகிறோம்.
இடப்பக்கம் முழுக்கக் கடல்,
கடல் என்று நம்ப வேண்டிய கருப்பு.
கேப்டன் சுந்தரவரதன்
தயிர்சாத டப்பாவின் மூடியோடு போராடிக்கொண்டிருந்தார்.
சென்னை கன்ட்ரோலில் ஒரு குரல்
முப்பத்தேழாயிரம் அடி என்றது.
மும்பை போயும், இங்கிலீஷிலும்
மாறாத நாசரேத் இழுப்பு.

ரேடியோவில் குசலம் விசாரிக்கக் கூடாது.
கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது.
பேசாமல் இரண்டு முறை அழுத்தினேன்.
டிக். டிக்.
யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்,
இந்த வானத்தில் எத்தனையோ கட்டைவிரல்கள்.
கொஞ்ச நேரத்தில்
அவளைக் கோலாலம்பூருக்கு மாறச் சொன்னார்கள்,
என்னை இறங்கச் சொன்னார்கள்.

நாளை இருபத்திரண்டு.
பேஸ் மாற்றத்துக்கு ஒரு கட்டம் உண்டு அந்தப் படிவத்தில்.
மும்பை என்று எழுதிக் கொடுத்தால்
அங்கேயும் அவளுக்கு அடுத்த எண் நான்தான்,
அதே பதினோரு நாள்.

விடிகாலை மூன்றே கால், ஜி.எஸ்.டி. ரோடு காலி.
திரிசூலம் சிக்னல் பச்சையில்தான் இருந்தது.
இருந்தாலும்
ரொம்பத் தூரத்திலேயே
வேகத்தைக் குறைத்துவிட்டேன்.