தராசில் விழுந்த கல்

ஞாயிற்றுக்கிழமை மித்லாவில் நுழைவுக் கட்டணம் கிடையாது.
"சொந்த நாட்டு இடிபாடு, சும்மா பாக்கலாம்" என்றாள் மக்லோவியா.
பச்சூகாவிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்.
யுனுயென் ஹெட்போனைக் கழற்றவேயில்லை.
ஃபெர்மினுக்கு ஏழு வயது.
என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று
இன்னும் முடிவு செய்யாதவன்
சுவரைக் காட்டி "இந்தாங்க" என்றான்.
"இந்தாங்க, பல்லி."

அவன் அம்மாவைக் கட்டிப் பதினொரு மாதம்தான் ஆகிறது.
"இந்தாங்க" தாராளம்.

சுவரெங்கும் படியேறிச் சுருண்டு
மறுபடி படியேறும் கல்வரிகள்.
சாந்தே இல்லை, துண்டு துண்டாய்ப் பொருத்தியது,
எத்தனை பூகம்பத்துக்கும் அசையவில்லை
என்று வழிகாட்டி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.
மக்லோவியா என் விலாவில் இடித்தாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஒரு தூணைக் கட்டிப்பிடித்தால்
கைகளுக்கு நடுவே எத்தனை விரற்கடை மிஞ்சுகிறதோ
அத்தனை வருஷம் ஆயுள் பாக்கியாம்.
இப்போது கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்கள்.
நல்லதாயிற்று,
எனக்குக் கை நீளம்.

அரண்மனைக் கல்லைப் பெயர்த்துத்தான்
பக்கத்துத் தேவாலயத்தைக் கட்டினார்களாம்.
யுனுயென் அன்று பேசிய முதல் வாக்கியம்:
"அப்ப அது திருட்டு இல்லையா?"

மதியம் த்லாகொலூலா சந்தை.
கால் கட்டிய வான்கோழிகள் வெயிலில் கண்மூட,
ரிப்பன் பின்னிய சடைகளுக்கு நடுவே
புகை எங்களை மூக்கைப் பிடித்து இழுத்துப் போனது.
இறைச்சியை வாங்கி நாமே கரியில் வாட்டிக்கொள்ள வேண்டும்.
வெட்டுக்கிளி வறுவலை நான் நீட்ட
யுனுயென் ஒன்றே ஒன்று எடுத்து
மென்றாளா, வைத்துக்கொண்டாளா தெரியாது.

அவகாடோ நிறுக்கிற லிப்ராதா அம்மாளுக்கு
பத்துப் பெசோ கொடுக்கப் போனான் ஃபெர்மின்.
பையைத் துழாவினான்.
காசோடு கூட வந்து
தராசுத் தட்டில் விழுந்தது ஒரு கல்.
முள் ஆடி நின்றது.
"இதுக்கு விலை எனக்குத் தெரியாதே" என்றாள் அவள்.

அவன் காது மடல் சிவந்தது.
மக்லோவியா ஒன்றும் சொல்லவில்லை,
அது இன்னும் மோசம்.
"கோயிலே கட்டிட்டாங்க, இவன் ஒரு கல்லுதானே"
என்றாள் அக்கா.

ஐந்து மணிக்குக் கதவு சாத்துவார்கள்.
பகிர்வு டாக்ஸியில் ஏற்கெனவே ஐந்து பேர்.
என் மடியில் அவன், அவன் மடியில் கல்.
மடியில் கனம், ஆகவே வழியெல்லாம் பயம்.
ஒவ்வொரு போலீஸ் வண்டிக்கும்
முகத்தை என் சட்டைக்குள் புதைத்தான்.

காவலர் கையில் சங்கிலி, பூட்டு.
கல்லை வாங்கிப் புரட்டினார்.
பின்பக்கம் நீலப் பெயிண்டில் பாதி அம்புக்குறி.
கார் நிறுத்துமிடத்துச் சிமென்ட்.
அவர் என்னைப் பார்த்தார், நான் என் செருப்பைப் பார்த்தேன்.
"ராஜா காலத்துப் பெயிண்ட்" என்றான் ஃபெர்மின், குரல் கம்ம.

அவர் சிரிக்கவில்லை.
மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து,
எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி எழுதினார்:
கல் ஒன்று. திரும்ப வந்தது.
"பேர்?"
சொன்னான்.
"கூட வந்தவர்?"

அண்ணாந்து என்னைப் பார்த்தான்,
அளவெடுக்கிற மாதிரி.
"எவாரிஸ்தோ. சிரிச்சா மூக்குல சத்தம் வரும்."

முதல் பாதியை மட்டும்தான் எழுதிக்கொண்டார்.

சந்தை கலைந்துகொண்டிருந்தபோது திரும்பினோம்.
கரி அணைந்து, இறைச்சி ஆறி விறைத்திருந்தது.
மக்லோவியா எங்கள் பங்கைத் தோர்த்தியாவில் சுற்றி
மடியில் வைத்திருந்தாள்.
ஒரு காதை மட்டும் விடுவித்து
"நெஜக் கல்லா?" என்றாள் யுனுயென் என்னிடம்.
வாய் நிறைய இறைச்சி எனக்கு. தலையை எப்படியோ ஆட்டினேன்.

"இந்தாங்க" என்றான் அவன்,
எலுமிச்சைத் துண்டை நீட்டி.