நாற்பத்திரண்டு அங்குலம்

வீட்டுத்திட்ட வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இழுக்க
ஆறு லட்சம் போதும் அக்கா என்றார் கமலகாந்தன் மேசன்,
மாட்டுக்குப் பல் பார்ப்பவர் போல
சுவரை ஒரு தட்டுத் தட்டி.
பகல் முழுக்கப் பலநோக்குச் சங்கத்தில்
ஊர்க் கணக்கு எழுதுகிற எனக்கு
'போதும்' என்பது ஒரு தொகையல்ல.

அன்றிரவு உரக்கடைக் கலண்டரில்
முடிந்துபோன ஆவணியைக் கிழித்து
முதுகுப் பக்கம் எழுதத் தொடங்கினேன்.

சீமெந்து அறுபது பைக்கற்.
கல்லு நானூறு என்றார். நானூற்று முப்பது எழுதினேன்;
பெட்டியிலிருந்து இறக்கும்போது உடைகிற கல்லும்
எங்கள் காசுதான்.
மணல் மூன்று லோட். மணலுக்கு விலை உண்டு,
பொமிற்றுக்கு விலை உண்டு,
பொமிற் வரும்வரை சும்மா குந்தியிருக்கும் மேசனுக்கும்
ஒரு விலை உண்டு.
தேத்தண்ணி மூன்று பேருக்கு, நாளுக்கு மூன்று தரம்:
சீனி எட்டுக் கிலோ.
சிரிக்க வேண்டாம்.
போன வருடம் ஈசுவரியின் குசினி
சீனியில் தொடங்கித்தான் கடனுக்குப் போனது.

கதவு.
கடையில் முப்பத்திரண்டு அங்குல நிலை
ஆயத்தமாகக் கிடக்கிறது, மலிவாக.
எங்களுக்கு நாற்பத்திரண்டு வேண்டும்.
மேசன் ஏன் என்று கேட்கவில்லை.
முற்றத்தில் நின்ற சக்கர நாற்காலியைக்
கண்ணால் அளந்துவிட்டு,
பாலை மரமென்றால் இருபத்தெண்ணாயிரம் கூட, என்றார்.
தவநேசன் உள்ளிருந்து
'முப்பத்திரண்டு காணும், முழங்கையை ஒடுக்கினால் போகலாம்.'
பதினைந்து வருடமாக ஒடுக்கிய முழங்கை.
இந்தத் தாளில் நான் பேரம் பேசாத வரி
அது ஒன்றுதான்.

பிறகு வரவு.
கனடாவிலிருந்து சின்ன மச்சாள்
'நானும் ஏதாவது போடுறன்' என்றவள்.
ஏதாவதுக்கு எத்தனை சைபர்?
எழுதவில்லை. வந்தால் வாழ்த்துவேன்.
ஏக்கருக்கு முப்பது மூட்டை என்பார் இவர்,
வெள்ளத்தையும் யானையையும் சேர்க்காமல்.
பதினெட்டு எழுதினேன்.
காப்பு ஒரு சோடி, அடைவுக்கு.
மீட்கிற வட்டியைச் செலவுப் பக்கத்தில் போட்டேன்;
எல்லோரும் மறக்கிற வரி.
செவ்வாய்தோறும் வரும் நுண்கடன் பிள்ளை
ஒரு கையெழுத்தைத்தான் கேட்கிறாள்.
அவளை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

கடைசி வரிக்குப் பெயர் வைக்கத் தெரியாமல்
'தட்டுப்பட்டால்' என்று எழுதினேன்.
வாணம் வெட்டும்போது ஏதும் தட்டுப்பட்டால்
ஆட்கள் வந்து, நாடா கட்டி, எடுத்துப் போகும்வரை
நான்கு நாள் கூலி.
இந்த ஊரில் வீடு கட்டும் எவருக்கும்
இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

கூட்டினேன். ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம்.
வரவு ஆறு லட்சத்துப் பத்தாயிரம்.
மேசன் பொய் சொல்லவில்லை.
அறைக்கு எவ்வளவு ஆகும் என்றல்ல,
எங்களிடம் எவ்வளவு இருக்கும் என்று
சொல்லியிருக்கிறார்.

பதினாலடியைப் பத்தடி ஆக்கினேன்.
இந்த வருடம் தகரம்.
பூச்சு அடுத்த போகத்துக்கு.
சீலிங்கை அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

வைகாசியில் வெட்டினோம்.
இரண்டாம் நாள் பத்து மணிபோல
அலவாங்கு 'டங்' என்று நின்றது.
மேசன் கையைத் தூக்கினார்.
எல்லோரும் பின்வாங்கினோம்; நாற்காலியை நான் இழுத்தேன்.
தேத்தண்ணி அடுப்பில் பொங்கி வழிந்தது,
ஒருவரும் போகவில்லை.

கனநேரம் கழித்து
குனிந்து, மண்ணை ஊதினார்.
சிவப்புச் சீமெந்து.
ஓடின அன்று
கூட்டாமல் விட்டுப்போன எங்கள் நிலம்.

'பழைய அத்திவாரம் அப்பிடியே கிடக்கு அக்கா,
பதினைந்து பைக்கற் மிச்சம்!'
தட்டிப் பாருங்கள் என்றேன்.
கிழக்குப் பக்கம் கணீரென்றது.
மேற்குப் பக்கம் பொருபொருவென்று
சுத்தியலோடு உதிர்ந்தது.

ஏழு பைக்கற் என்று வரவில் எழுதினேன்.
யார் தந்தது என்ற இடத்தை
வெறுமையாக விட்டேன்.
'தட்டுப்பட்டால்' வரியை வெட்டவில்லை.
இன்னும் மூன்று பக்கம்
கிண்டக் கிடக்கிறது.