மூன்றாம் பந்தி

கஸ்தூரியார் வீதி அச்சகத்தில்
கணினி என்னுடைய பொறுப்பு,
தாள் வெட்டும் மெசின் யேசுராசாவுடையது.
தேர்தல் என்று வானொலி சொன்ன பின்னேரமே
பென்டிரைவும் கையுமாய் வந்துவிட்டார்கள்.
ஐயாயிரம் நோட்டீஸ். நாளைக்குக் காலமை.
காசு? வெண்ட பிறகு பாப்பம்.

போன முறைக் கோப்பைத் திறந்தேன்.
அதற்கு முந்தியதும் அதே இடத்தில் கிடந்தது.
ஆண்டை மாற்றினேன், படத்தை மாற்றினேன்,
'இம்முறை' என்ற சொல்லை அப்படியே விட்டேன்.
அது எல்லா முறைக்கும் பொருந்தும்.

கொழும்புக் கட்சியின் வேலைதான் கொஞ்சம் வேறு.
சிங்களத்தில் அடித்ததை அனுப்பி
இதே மாதிரித் தமிழில் என்றார்கள்.
அதே படம், அதே பல்வரிசை.
அங்கே ஐந்து பந்தி, இங்கேயும் ஐந்து.

மூன்றாம் பந்தியில் கை நின்றது.
அதில் 'ஏக்கிய'.
இதில் 'ஒருமித்த'.

என்னுடைய சிங்களம்
மருதானைச் சப்பாத்துக் கடையில் இரண்டு வருடம் நின்ற சிங்களம்.
விலைக்கும் அளவுக்கும் காணும்,
அரசியலமைப்புக்குக் காணாது.
ஆனாலும் ஒரு பெட்டிக்குள்
ஒன்று ஏழும் மற்றது எட்டுமாய் இருந்தால்
அது சோடி இல்லை,
அதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அலுவலகத்துக்கு எடுத்தேன்.
சேர், மூண்டாம் பந்தியிலை ஒரு பிழை போலை கிடக்கு.
பிழை இல்லைத் தங்கச்சி. அதைத் தொடாதேங்கோ.
அந்த ஒரு சொல்லுக்கு
ஏழு பேர் மூண்டு நாள் மினக்கெட்டவை.

மத்தியானம் ஒரு பொலிஸ் பொடியன்
தபால் வாக்குக்கு அடையாள அட்டைப் பிரதி எடுக்க வந்தான்.
ஊர் வெலிமடை. வீட்டில் உருளைக்கிழங்குத் தோட்டம்.
மேசையில் கிடந்த தன் மொழித் தாளை
நின்றபடியே வாசித்து முடித்தான்.
மற்றதில் என்ன இருக்கிறது என்று கேட்டான்.
அதேதான் என்றேன்.
அதே என்றால் ஏன் நீங்கள்
இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?
சிரித்தான். நானும்.
மிச்சக் காசில் இரண்டு ரூபாய் குறைந்தது,
பரவாயில்லை என்று போனான்.

தவமணிநாயகி அக்கா வந்தபோது மழை.
ஷொப்பிங் பைக்குள் ஷொப்பிங் பை,
அதற்குள் உறுதி.
வறுத்தலைவிளானில் பதினொரு பரப்பு.
கிழக்கே ஒழுங்கை, மேற்கே வைரமுத்தர் பங்கு,
வடக்கே வாய்க்கால், தெற்கே பனங்கூடல்,
இதனுள் அடங்கிய வீடும் கிணறும் கிணற்றுக்கு வழியும்.
இப்போது நாலு எல்லைக்கும் ஒரே பெயர், முட்கம்பி.

புது ஆக்கள் வந்தா புதுப் பிரதி கேப்பினம் பிள்ளை.
பழசை என்ன செய்யினமோ தெரியாது.

கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.
ஒருமித்த எண்டா என்ன?
அதுக்குள்ளை என்ரை கிணறு வருமோ?

நான் எழுத்தின் அளவைக் கூட்டினேன், குறைத்தேன்.
வேலை இருப்பவள் போலக் காட்டிக்கொள்ள
அது ஒரு நல்ல வழி.

வாக்கு எண்ணிய இரவு
யேசுராசா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தான்.
எங்கள் மாவட்டம் முந்தியே வந்துவிட்டது.
மற்றவை வர வர
அது சின்னதாகிக்கொண்டே போனது.
விடியக்காலை வென்றவர் பேசினார்.
அவர் வாயில் அந்தச் சொல்,
ஒரு நொடி பிந்தி
மொழிபெயர்ப்பாளரின் வாயில் இந்தச் சொல்.
அந்த ஒரு நொடிக்குள்
யாரோ தொண்டையைச் செருமியது கேட்டது.

அடுத்த கிழமை தாள் விலை ஏறிவிட்டது.
அக்காவுக்கு நாலு பிரதி.
மிஞ்சிய நோட்டீசுகளின் வெறும் பக்கத்தில்
உறுதியை எடுத்துக் கொடுத்தேன், பாதி விலைக்கு.
கந்தோரிலை எடுப்பினமோ?
தெரியாதக்கா. கேட்டுப் பாருங்கோ.

மை காய்ந்ததா என்று பார்க்க
ஒன்றை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.
பின்பக்கத்து மூன்றாம் பந்தி
தலைகீழாய்த் தெரிந்தது.
கிணறு அதன்மேல் கிடந்தது,
சரியாக எந்தச் சொல்லில் என்று
நான் குனிந்து பார்ப்பதற்குள்
நாலையும் மடித்துவிட்டார்.