ஒன்பதின்மர் படை, இதழ் 14

பீல் நகரத்துப் பழஞ்சாமான் கடையில்
பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்கு அடியில் கிடந்தது.
இரண்டு பிராங்க். பேரம் பேசி ஒன்றரை.

அட்டையில் ஒன்பது பேர் பறக்கிறார்கள்.
எண்ணிப் பார்த்தேன், எட்டு.
ஒன்பதாமவருக்கு மறையும் சக்தி என்று
பதினோராம் பக்கத்தில் ஒரு சமாதானம்.
ஓவியருக்கு நேரம் போதவில்லை என்பது என் கட்சி.

கதை நடந்தது நியூயார்க்கில்.
ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர் அதைச் சூரிச் ஆக்கிவிட்டார்,
மஞ்சள் டாக்சிகளை மறந்துவிட்டார்.
பான்ஹோஃப் தெருவில் நூற்றிரண்டு மாடிக் கட்டடம்!

பனிமங்கை மூன்றாம் பக்கத்தில்
ஓர் ஏரியையே உறையவைக்கிறாள்.
பிறகெல்லாம் ஆலோசனைக் கூட்டம்;
அவள் கோப்பி ஊற்றுகிறாள்,
நான்கு கட்டங்களாக.
ஒரு கோப்பையும் ஆறவில்லை.

தலைவர் இரும்புத்தோளர்
செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்வார்:
"இதோ, கதவை உடைக்கிறேன்!"
கதவு திறந்துதான் இருந்தது.

வில்லனுக்கு மட்டும் என் நிறம்.
அச்சு விலகி, முகக்கோட்டைத் தாண்டி
பின்னாலிருக்கும் சுவரிலும் வழிந்திருக்கிறது.
சுவர் என்ன பாவம் செய்தது?

இவ்வளவு குறை சொல்கிறேனே,
பேருந்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி
மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

கடைசித் தாளில் ஒரு நீள்சதுர ஓட்டை.
படையில் சேரும் விண்ணப்பத்தை
யாரோ கத்தரித்து அனுப்பியிருக்கிறார்கள்.
யாரோ என்ன, முதல் பக்கத்தில்
பென்சிலில் கோணலாய் இருக்கிறதே:
ரேட்டோ, ஏழரை வயது.

விண்ணப்பத்தின் மறுபுறத்தில்தான்
உலகம் பிழைத்ததா என்ற கட்டம்.

அது என்ன ஆயிற்றோ.
ஒன்பது சரியாகிவிட்டது.